குழந்தை வன்கொடுமை என்று சந்தேகம் வந்தால்: தாலுகா மருத்துவர்களும் செவிலியர்களும் கேட்கும் கேள்விகள்

நான் குழந்தைநல மருத்துவர். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தாலுகா மருத்துவமனைகளிலும் வேலை பார்க்கிற டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் வகுப்பு எடுக்கிறேன். அடிபட்டோ பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகியோ வருகிற குழந்தையை எப்படிப் பார்ப்பது என்பதுதான் பாடம். வகுப்பில் எல்லாரும் அமைதியாக இருப்பார்கள். டீ இடைவேளையில்தான் ஒருவர் பின் ஒருவராக வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். சொல்லியிருக்கும் சட்டங்கள் தமிழ்நாடு உட்பட இந்தியாவில் நடைமுறையில் இருப்பவை.

எனக்கு இதில் தனிப் படிப்பு இல்லை. மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பிவிட்டால் போதாதா?

அனுப்பும் குழந்தைகளில் எத்தனை பேர் அங்கே போய்ச் சேர்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கூலி வேலைக்குப் போகும் அம்மா, கையில் பஸ் காசு மட்டும். "நாளைக்குப் போகலாம்" என்று வீட்டுக்குத் திரும்புவார். குழந்தையைக் குளிப்பாட்டுவார், துணியைத் துவைப்பார். அதற்குள் உறவினர் நாலு பேர் கூடிப் பேசி, விஷயம் அங்கேயே அமுங்கிப்போகும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அந்த நேரமும் போய்விடும்.

சட்டமும் உங்களிடம்தான் கேட்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் போக்சோ. அதன் 2020 விதிகளில் 6-ஆவது விதி, அவசர சிகிச்சைக்கு முன்பாக போலீஸ் கடிதமோ கோர்ட் உத்தரவோ வேறு காகிதமோ எந்த மருத்துவமனையும் கேட்கக் கூடாது என்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ தர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆவது பிரிவு சொல்கிறது. மறுத்தால் மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

அமெரிக்காவில் குழந்தை வன்கொடுமை மருத்துவம் என்றே ஒரு தனிச் சிறப்புப் பிரிவு இருக்கிறது, 2009-இல் முதல் தேர்வு நடத்தினார்கள். அங்கேயே சின்ன ஊர்களுக்கு அந்த நிபுணர்கள் போதவில்லை. நமக்கு அப்படி ஒரு பிரிவே கிடையாது. ஆகவே இன்று டியூட்டியில் இருக்கும் நீங்கள்தான் அந்தக் குழந்தையின் டாக்டர். உங்களிடம் எதிர்பார்ப்பது நாலு காரியம்: வைத்தியம் பார்ப்பது, காது கொடுப்பது, எழுதுவது, தெரிவிப்பது. குற்றவாளி யார், குற்றம் நடந்ததா என்பதெல்லாம் நீதிமன்றத்தின் வேலை. இதைப் புரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும்.

எங்கள் ஊரில் இப்படிப்பட்ட கேஸ் வருவதே இல்லையே?

வருகிறது, வேறு பெயரில் வருகிறது. திரும்பத் திரும்ப வயிற்றுவலி, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குவது, சிறுநீர் எரிச்சல், பள்ளிக்கூடம் போக மறுப்பது என்று வரும். மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகளிடம் பேசினார்கள். அவர்களில் 53 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் வன்கொடுமையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நம் வெளிநோயாளிகள் வரிசையில் நிற்கிற குழந்தைகளும் அவர்களில் அடக்கம்தானே.

அடித்த காயமா, விழுந்த காயமா? எப்படிச் சந்தேகப்படுவது?

முதலில் கதையைக் கேளுங்கள். சொல்லும் கதைக்கும் காயத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா, குழந்தையின் வயதுக்கும் கதைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். குப்புற விழக்கூடத் தெரியாத 3 மாதக் குழந்தை "கட்டிலிலிருந்து உருண்டு விழுந்துவிட்டது" என்றால் நிறுத்தி யோசிக்க வேண்டும். தொடை எலும்பு முறிந்து இரண்டு நாள் கழித்துக் கூட்டி வருவது, அம்மா சொல்வதும் பாட்டி சொல்வதும் வேறு வேறாக இருப்பது, காலையில் ஒரு கதை மாலையில் ஒரு கதை, இவையெல்லாம் எழுதி வைக்க வேண்டிய விஷயங்கள்.

இரத்தக்கட்டு விஷயத்தில் ஒரு நல்ல கருவி இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கிய 'டென்-4-ஃபேசஸ்-பி' விதி. 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மார்பு, வயிறு, முதுகு, பிட்டம் போன்ற நடு உடம்பிலோ, காதிலோ, கழுத்திலோ இரத்தக்கட்டு இருந்தால் யோசியுங்கள். மேலுதட்டுக்கு உள்ளே ஈறோடு ஒட்டும் சவ்வு கிழிந்திருப்பது, தாடை மூலை, கன்னத்தின் சதை, கண் இமை, கண்ணின் வெள்ளையில் இரத்தம், பெல்ட் அல்லது விரல் பதிந்த மாதிரி அடையாளம், இவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 5 மாதம் நிரம்பாத குழந்தைக்கு உடம்பில் எங்கே இரத்தக்கட்டு இருந்தாலும் சந்தேகம்தான். 2021-இல் வந்த ஆய்வில், 4 வயதுக்குட்பட்ட 2,161 குழந்தைகளைப் பார்த்தபோது, வன்கொடுமைக்கு ஆளானவர்களில் 95 சதவீதம் பேரை இந்த விதி பிடித்தது. முழங்கால், நெற்றி என்று ஓடி விளையாடும் குழந்தைக்கு வருகிற அடிகள் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

தீக்காயத்துக்கு நம் வீடுகளையே நினைத்துக்கொள்ளலாம். அடுப்பு மேடையில் இருக்கும் ரசப் பாத்திரத்தைக் குழந்தை இழுத்தால், முகம், தோள், மார்பு என்று மேலிருந்து கீழே வழிந்து, போகப் போகக் குறுகும். ஓரம் ஒழுங்கற்று இருக்கும், சுற்றிலும் தெறித்த புள்ளிகள் இருக்கும். கெண்டைக்காலின் உள்பக்கத்தில் வட்டமாக ஒரு சூடு என்றால் அநேகமாக பைக் சைலன்சர். ஆனால் இரண்டு காலிலும் சாக்ஸ் போட்ட மாதிரி ஒரே அளவில், கோடு கிழித்தது போல நிற்கும் தீக்காயம் என்றால், சுடுதண்ணீரில் அழுத்திப் பிடித்திருக்கலாம். அந்தக் கோட்டைப் படம் எடுத்து வைத்துவிட்டு மருந்து போடுங்கள்.

இரத்தக்கட்டின் நிறத்தை வைத்து "இது 3 நாள் பழையது" என்று தேதி சொல்லாதீர்கள். பழைய பாடப் புத்தகங்களில் இருந்த அந்த அட்டவணை நம்பத்தக்கதல்ல என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. நிறத்தை எழுதுங்கள், நாளை எழுத வேண்டாம். 2 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அடித்த காயம் என்று சந்தேகம் இருந்தால், உடம்பு முழுக்க எலும்பு எக்ஸ்ரே தேவை. அதற்காகப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது சரியான காரியம்தான். உங்கள் குறிப்பையும் கூடவே அனுப்புங்கள்.

தப்பாகச் சந்தேகப்பட்டு ஓர் அப்பாவிக் குடும்பத்தைச் சிக்கவைத்துவிட்டால்?

இந்தப் பயம் நியாயமானது. இந்தப் பயம் இல்லாத டாக்டரைக் கண்டால்தான் எனக்குக் கவலை.

நம் குழந்தைகளில் பலருக்கும் பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருக்கும். தொட்டால் வலிக்காது, வாரக்கணக்கில் பார்த்தாலும் மாறாது. அது இரத்தக்கட்டு அல்ல. வீட்டில் பிறந்து, இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போடாத பச்சைக் குழந்தை, மூளையில் இரத்தக் கசிவோடு வரலாம். இரத்தத்தில் தட்டணு குறைந்தாலும், இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோய் இருந்தாலும் உடம்பெங்கும் கட்டு வரும். ரிக்கெட்ஸ் இருந்தால் எலும்பு எளிதில் முறியும். இரத்தம் உறையும் நேரம், தட்டணு எண்ணிக்கை, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் பார்த்துவிடுவது குடும்பத்துக்கும் நியாயம், குழந்தைக்கும் நியாயம்.

பிறப்புறுப்பில் அரிப்பும் சிவப்பும் என்றால், சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கீரிப்பூச்சியோ சுத்தக் குறைவோதான் காரணம். சைக்கிள் பாரில் கால் வழுக்கி விழுந்த குழந்தைக்கு முன்பக்கத்தில், ஒரு பக்கமாகக் காயம் இருக்கும். லைக்கன் ஸ்க்லீரோசஸ் என்ற தோல் நோயில் தோல் வெளுத்து, நடுவே இரத்தத் திட்டுகளும் வரும். அதை வன்கொடுமை என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

அப்புறம் சூடு வைப்பது. வலிப்பு, மஞ்சள் காமாலை, விடாத அழுகை என்றால் வயிற்றிலோ நெற்றியிலோ சூடு வைக்கும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் முழுதாக ஒழியவில்லை. வைத்தவர் குழந்தையைக் குணமாக்கவே வைத்திருப்பார், ஆனால் குழந்தைக்கு அது தீக்காயம்தான். "சூடு வைத்ததாகப் பாட்டி சொல்கிறார், இத்தனை இடத்தில், இந்த அளவில்" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எந்த நோய்க்காக வைத்தார்கள் என்பதை விடாமல் விசாரியுங்கள். அந்த வலிப்புக்குக் காரணம் இன்னும் உள்ளேயே இருக்கும்.

சந்தேகத்தைத் தெரிவிப்பதற்கு நிரூபணம் தேவையில்லை. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது என்று போக்சோ 19(7) பாதுகாப்புத் தருகிறது.

பரிசோதனையில் காயம் எதுவும் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதலாமா?

எழுதவே கூடாது. நான் எடுக்கும் வகுப்பில் ஒரே ஒரு விஷயம்தான் மனசில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு உடம்பில் காயம் இருப்பதில்லை. அமெரிக்காவில் 2,384 குழந்தைகளைப் பரிசோதித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், 96 சதவீதம் பேருக்குப் பரிசோதனை இயல்பாகவே இருந்தது. 2004-இல் வந்த இன்னோர் ஆய்வு கர்ப்பமாக இருந்த 36 வளரிளம் பெண்களைப் பற்றியது. அவர்களுக்கு என்ன நடந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. அந்த 36 பேரில் 2 பேருக்கு மட்டும்தான் உறுப்பு நுழைந்ததற்கான தெளிவான அடையாளம் தெரிந்தது. காரணம் எளிது. தடவுவது, தேய்ப்பது, வாயால் செய்வது எதுவும் பெரும்பாலும் தடம் விடுவதில்லை. அந்த இடத்துத் தோல் நம் வாய்க்குள் இருக்கும் தோல் மாதிரி. கிழிந்தாலும் பெரும்பாலும் சில நாளில் வடு இல்லாமல் ஆறிவிடும். குழந்தையோ மாதக்கணக்கில் கழித்துத்தான் வாய் திறக்கிறது.

ஆகவே எழுத வேண்டியது இப்படி: "காயம் காணப்படவில்லை. காயம் இல்லாதது குழந்தை சொல்வதோடு முரண்படவில்லை." இந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டால், பல வருஷம் கழித்து கோர்ட்டில் முதல் வாக்கியத்தை வைத்தே குழந்தையைப் பொய் சொல்கிறது என்பார்கள்.

பெண்ணுறுப்புக்குள் விரலை விட்டுப் பார்க்கும் இரண்டு விரல் சோதனையை இன்னும் யாராவது செய்தால் இன்றோடு நிறுத்துங்கள். சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டு நெறிமுறைகள் அதைக் கூடாது என்கின்றன. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டில் அதைத் தடை செய்ய அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31-இல் உச்ச நீதிமன்றம், அந்தச் சோதனையைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றம் செய்தவராகக் கருதப்படுவார் என்று தீர்ப்புச் சொன்னது. உடலுறவுக்குப் "பழக்கப்பட்டவர்" என்ற வார்த்தை அறிக்கையில் வரவே கூடாது.

குழந்தையிடம் எப்படிப் பேசுவது?

ஒரு தாலுகா மருத்துவமனையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். 6 வயதுப் பெண் குழந்தை, "ஒண்ணுக்குப் போனா எரியுது" என்று வந்தது. அம்மாவின் புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு, கேட்ட எதற்கும் பதில் சொல்லவில்லை. அங்கே இருந்த மூத்த செவிலியர் ஊசி போடும் அறையில் இருந்த குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு, குழந்தையின் கண் மட்டத்துக்கு உட்கார்ந்தார். பஞ்சை உருட்டி ஒரு டப்பாவில் அடுக்க ஆரம்பித்தார். "பாப்பா, எனக்குக் கொஞ்சம் உருட்டித் தரியா?" குழந்தை உருட்டியது. ஏழெட்டு உருண்டை ஆன பிறகு, குழந்தையைப் பார்க்காமலே, "எரியுதுன்னு சொன்னியாமே. எப்போலேர்ந்து கண்ணு?" என்று கேட்டார். "மாமா விளையாடுனப்போலேர்ந்து" என்றது குழந்தை. செவிலியர் கை நிற்கவில்லை. "அப்புறம் என்ன ஆச்சு?" அவ்வளவுதான் கேட்டார். வந்தது முழுவதையும் அப்படியே கேட்டுவிட்டு, "என்கிட்ட சொன்னது ரொம்ப நல்லது. உன் மேல எந்தத் தப்பும் இல்ல" என்றார்.

பாடம் முழுவதும் அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது. "என்ன ஆச்சு", "அப்புறம்" மாதிரி திறந்த கேள்வி மட்டும் கேட்க வேண்டும். "மாமா அங்கே தொட்டாரா?" என்று நாமே பெயரும் இடமும் எடுத்துக் கொடுத்தால் குழந்தை தலையாட்டும். பிறகு அந்தத் தலையாட்டலுக்கு மதிப்பே இருக்காது. சிகிச்சைக்குத் தேவையானது தெரிந்தவுடன் நிறுத்திவிடுங்கள். விவரமான வாக்குமூலத்தைப் போலீசும் மாஜிஸ்திரேட்டும் பதிவார்கள். ஒரே கதையைக் குழந்தை ஐந்து பேரிடம் சொல்ல வேண்டியிருப்பது இன்னொரு கொடுமை. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அதை உங்களால் காப்பாற்ற முடியாது.

விபத்து, அடிதடி காயங்களைப் பதியும் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எப்படி எழுதுவது?

நமக்கெல்லாம் கை பழகிப்போன ஒரு வாக்கியம் இருக்கிறது. "தெரிந்த 1 நபரால், கையால், இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடத்தில் தாக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது." அடிதடி கேசுக்கு இது போதும். குழந்தைக்குப் போதாது.

யார் சொன்னார்கள் என்பதை எழுதுங்கள், குழந்தையா அம்மாவா என்று. குழந்தை சொன்ன வார்த்தையை மேற்கோள் குறிக்குள், அதன் பேச்சிலேயே எழுதுங்கள். குழந்தை உறுப்புக்கு வேறு செல்லப் பெயர் சொன்னால் அந்தப் பெயரையே எழுதுங்கள், நீங்களாக மருத்துவச் சொல்லுக்கு மாற்ற வேண்டாம். கேட்ட கேள்வியையும் எழுதுங்கள். ஒவ்வொரு காயத்துக்கும் இடம், நீள அகலம், நிறம், வடிவம் எழுதி, உடம்புப் படத்தில் குறியுங்கள். அளவுகோல் பக்கத்தில் வைத்து, சம்மதத்தோடு படம் எடுக்கலாம், மருத்துவமனை கேமராவில். சொந்தப் போனில் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது பெரிய தவறு. குழந்தையின் அடையாளம் வெளியே போனால் போக்சோ 23-ஆவது பிரிவே உங்கள் மேல் திரும்பும்.

வன்கொடுமை என்று தீர்ப்பு எழுதாதீர்கள். "காயங்கள் சொல்லப்பட்ட கதையோடு பொருந்தவில்லை" என்றோ "பொருந்துகிறது" என்றோ முடியுங்கள். அறிக்கையை 7 நாளுக்குள் விசாரணை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும்.

பரிசோதனையின்போது யார் கூட இருக்க வேண்டும்? லேடி டாக்டர் இல்லை என்றால்?

போக்சோ 27-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்யலாம். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் வேறு ஒருவரோ கூட இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லை என்றால் மருத்துவமனைத் தலைவர் நியமிக்கும் ஒரு பெண் இருக்க வேண்டும். லேடி டாக்டர் வரும்வரை இரத்தப்போக்கை நிறுத்துவதும் வலிக்கு மருந்து கொடுப்பதும் காத்திருக்கக் கூடாது.

சம்மதம் முக்கியம். 12 வயது ஆன குழந்தையே சம்மதம் தரலாம், அதற்குக் கீழே என்றால் பெற்றோர். குழந்தை வேண்டாம் என்று சொன்னால் அதைக் குறித்துவிட்டு, வைத்தியம் மட்டும் பாருங்கள். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள ஒரு குழந்தையைப் பரிசோதிக்கவே கூடாது. அந்தக் குழந்தைக்கு அது நடந்ததே திரும்ப நடப்பது மாதிரி.

என்ன மருந்து தர வேண்டும், எந்தத் தடய மாதிரிகளை எடுக்க வேண்டும்?

சம்பவம் நடந்து 96 மணி நேரத்துக்குள் வந்தால் தடய மாதிரிகள் எடுக்கலாம். உள்ளாடையைக் காற்றில் உலர்த்திக் காகித உறையில் போட்டு முத்திரையிடுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். பூப்பெய்திய பெண் என்றால் கர்ப்பப் பரிசோதனை செய்து, 5 நாளுக்குள் என்றால் அவசரக் கருத்தடை மாத்திரை, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 28 நாள். ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள், தேவைப்பட்டால் பால்வினை நோய்க்கு மருந்து. இந்த மாத்திரைகள் இரவு 10 மணிக்கு உங்கள் மருத்துவமனையில் யார் கையில், எந்த அலமாரியில் இருக்கின்றன என்று இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பம் "போலீஸ் வேண்டாம் டாக்டர்" என்று கெஞ்சினால்?

18 வயதுக்குட்பட்ட யாருக்கும் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். போக்சோ 19-ஆவது பிரிவு அது. மறைத்தால் 21-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். அடித்த காயம் என்றால் எம்.எல்.சி. (மருத்துவ-சட்ட வழக்கு) என்று பதிந்து போலீசுக்குத் தகவல், கூடவே குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லுங்கள்.

ஆனால் சட்டத்தைக் காட்டி மிரட்டுகிற மாதிரி பேசாதீர்கள். அம்மாவைத் தனியாக உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "இதை நான் சொல்லாமல் இருக்க முடியாதும்மா. ஆனா சொன்ன பிறகு என்ன நடக்கும்னு ஒவ்வொண்ணா சொல்றேன்" என்று ஆரம்பியுங்கள். யார் வருவார்கள், சீருடை இல்லாமல் வர வேண்டும் என்று கேட்கலாம், பெயர் பத்திரிகையில் வராது, இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. வீட்டில் சோறு போடுகிறவனே குற்றவாளி என்றால் அம்மாவின் பயம் வேறு மாதிரி இருக்கும். அந்த வீட்டுக்குக் குழந்தை இன்று இரவு திரும்பிப் போகலாமா என்பதை, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளுக்காக உள்ள குழந்தைகள் நலக் குழுவோடு பேசி முடிவு செய்ய வேண்டும். பாதுகாப்பான இடம் உறுதியாகும்வரை வார்டில் அட்மிட் போடுவதில் தவறே இல்லை.

17 வயதுப் பெண், காதலன், கர்ப்பம், கருக்கலைப்பு கேட்டு வருகிறார்கள். இது உங்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கடம். 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொல்லியிருக்கிறது. அந்தப் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை. இது தெரியாமல் எத்தனையோ பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அவர்கள் எங்கே போயிருப்பார்கள் என்று நினைத்தாலே கஷ்டமாக இருக்கிறது.

ஒருநாள் பயிற்சி போட்டார்கள், சர்டிபிகேட்டும் தந்தார்கள். ஆனாலும் கேஸ் வந்தால் கை நடுங்குகிறதே?

நடுங்கத்தான் செய்யும். 200 ஸ்லைடு பார்த்துவிட்டு யாரும் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. இதற்கும் அப்படித்தான். நான் இப்போதெல்லாம் விரிவுரையைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். மீதி நேரத்தில் ஒருவர் குழந்தையாகவும் ஒருவர் டாக்டராகவும் நடித்துப் பேசிப் பார்ப்பார்கள். பெயர் நீக்கிய பழைய அறிக்கைகளைக் கையில் கொடுத்து, "இதில் எந்த வரி குழந்தைக்கு எதிராகப் போகும்?" என்று சிவப்பு மையால் கோடு போடச் சொல்வேன். அந்த ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வது வேறெதிலும் வராது.

டாக்டருக்கு மட்டும் பயிற்சி தந்தால் போதாது. குழந்தையை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் கிராம சுகாதாரச் செவிலியர், ஓ.பி. சீட்டுப் போடுபவர், 108 ஆம்புலன்ஸ் ஊழியர். "போலீஸ் கேஸா? அந்தப் பக்கம் நில்லு" என்று ஜன்னலில் ஒருவர் கத்தினால், உள்ளே நாம் கற்ற எதற்கும் வேலையில்லை.

பயிற்சி முடிந்து ஊருக்குப் போன பிறகு யாரைக் கேட்பது?

என்னைப் பொறுத்தவரை இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. ஒவ்வொரு தாலுகா டாக்டருக்கும் பின்னால், அழைத்தால் எடுக்கிற ஓர் அனுபவசாலி இருக்க வேண்டும். வகுப்பு எத்தனை நாள் என்பதைவிட இதுதான் முக்கியம் என்று நம்புகிறேன்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் சேஃப்-கேர் என்று ஒரு வலையமைப்பு இருக்கிறது. பெரிய குழந்தைகள் மருத்துவமனைகளில் உள்ள நிபுணர்கள், சின்ன ஊர் டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி தருகிறார்கள். அதோடு விடுவதில்லை. அப்புறமும் போனில் ஆலோசனை, பார்த்த கேஸ்களைக் கூடி உட்கார்ந்து மறுபார்வை செய்வது என்று தொடர்கிறார்கள். நியூ மெக்சிகோவில் 2003-இல் கல்லீரல் நோய்க்காகத் தொடங்கிய எக்கோ முறையும் இதேதான். வீடியோவில் வாரா வாரம் கூடி, ஊர் டாக்டர் தன் கேஸைச் சொல்ல, எல்லாரும் சேர்ந்து கற்றுக்கொள்வார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் சம்வாத் என்ற மையம், குழந்தைகளின் மனநலத்தைக் கவனிப்போருக்கு நாடு முழுவதும் பயிற்சி தருகிறது.

நம் மாவட்டத்தில் இதைச் செய்யப் பெரிய பணம் வேண்டாம். மெடிக்கல் காலேஜில் குழந்தைநலம், மகப்பேறு, சட்ட மருத்துவம், மனநலம் என்று துறைக்கு ஒருவர், முறை போட்டு ஒரு போன். மாதம் ஒரு முறை ஒரு மணி நேரம் கேஸ் மறுபார்வை. அனுப்பிய குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று அனுப்பிய டாக்டருக்கு ஒரு வரி பதில். இந்தக் கடைசி விஷயத்தை யாருமே செய்வதில்லை. தான் எழுதிய குறிப்பு உதவியதா என்று தெரியாமலே இருந்தால், அடுத்த முறை ஏன் அவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று யாருக்கும் தோன்றும்.

உங்கள் பங்குக்கு இந்த எண்களை டியூட்டி ரூம் சுவரில் ஒட்டுங்கள்: 1098, அனைத்து மகளிர் காவல் நிலையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு, வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒன் ஸ்டாப் சென்டர்.

கோர்ட் சம்மன் வந்தால்?

போங்கள், பயப்பட வேண்டாம். வழக்கை ஓராண்டுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று போக்சோ சொன்னாலும், உங்களைக் கூப்பிடும்போது நீங்கள் இரண்டு ஊர் மாற்றலாகியிருப்பீர்கள், குழந்தையின் முகம்கூட நினைவிருக்காது. அன்று எழுதியதுதான் பேசும். முதல் நாளே அரசு வக்கீலிடம் போய் அறிக்கையைப் படித்துப் பாருங்கள். காயமில்லாமல் இருப்பது ஏன் சாதாரணம் என்பதை எளிய தமிழில் இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். நீங்கள் யார் பக்கமும் இல்லை, பார்த்ததைச் சொல்ல வந்திருக்கிறீர்கள்.

அந்தக் குழந்தை மறுபடி வருமா? நான் என்ன செய்ய வேண்டும்?

வரவைக்க வேண்டும். எச்.ஐ.வி. பரிசோதனை 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்று திரும்பச் செய்ய வேண்டும். தூக்கம், பள்ளிக்கூடம், சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். வழக்கு நடக்கும்போதே இடைக்கால நிவாரணத் தொகை தர சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உடனடித் தேவைக்குப் பணம் தரக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம். பெரும்பாலான அம்மாக்களுக்கு இது தெரியாது, நீங்கள் சொன்னால் தெரியும். மறுபடி வரும்போது போக்சோ கேஸ் என்று யாரும் சத்தமாகக் கூப்பிடாமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டு நேராக உள்ளே வரச் சொல்லுங்கள்.

எனக்கே மனசு தாங்கவில்லை. இதை யாரிடம் சொல்வது?

ஒரு நாள் இரவு 11 மணிக்கு, என் வகுப்புக்கு வந்திருந்த இளம் டாக்டர் ஒருவர் போன் செய்தார். எல்லாவற்றையும் சரியாக முடித்திருந்தார். மாதிரி எடுத்து முத்திரையிட்டாயிற்று, மாத்திரை கொடுத்தாயிற்று, மகளிர் போலீஸ் வந்து போனார்கள், குழந்தை அம்மா மடியில் தூங்குகிறது. "டவுட் எதுவும் இல்ல மேடம்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. நான் போனை வைக்கவில்லை. என் பையனுக்கும் அதே 4 வயசு மேடம், என்றார். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, "டிரிப் முடிஞ்சிருக்கும், பார்த்துட்டு வரேன்" என்று எழுந்து போனார். மறுநாள் மதியம் நானே அவரைக் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டேன். நீங்களும் அப்படிக் கூப்பிட ஒருவரை இப்போதே தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள்.